அச்சமும் அருள்மொழியும்

திருக்கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழும் நாள் ஊரனைத்தும் மகிழும் நன்னாளாகும். வேள்விச்சாலையில் நிறைகுடங்களிற் காத்த புனிதநீர் விமானத்தின் உச்சியிற் சொரியப்படும் அந்நொடியில், கூடியிருப்போர் எல்லாரும் தம் கைகளைத் தலைமேற் குவிக்கின்றனர். ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஒரு வேண்டுதல் எழுகின்றது. அவ்வேண்டுதல்கள் அனைத்தையும் ஒருங்கே கேட்கும் செவி நமக்கு வாய்த்திருப்பின், அவற்றுட் பெரும்பாலன அச்சத்திற் பிறந்தவை என்பது விளங்கும். வேலை போய்விடுமோ என்பார் ஒருவர்; மகளுக்கு நல்லிடம் அமையாமற் போகுமோ என்பார் மற்றொருவர்; கடன் கழுத்தை நெரிக்குமோ, நோய் திரும்புமோ என்று கலங்குவார் வேறு சிலர்.

அஞ்சியவர் ஆண்டவனை நாடுவது பிழையன்று. இருளில் நடுங்கும் குழந்தை தாயைத் தேடுவது இயல்பே. ஆயினும் ஒன்று கருதத்தக்கது. திருமுன்பு நின்று தொழுது, திருநீறோ திருத்துழாயோ பெற்று வீடு திரும்பிய பின்னர், நம் வாழ்விற்குரிய முடிவுகளைச் செய்பவர் யார்? ஆண்டவன் அருளிய நல்லறிவா, கோயிலுக்குள்ளும் நம்மோடு வந்து, வெளியேயும் நம்மோடு திரும்பிய அச்சமா? இவ்வினாவிற்கு விடை தேடுவதே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

அம்பத்தூரைச் சூழ்ந்த அருள்நிலம்

விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பழந்தொண்டை மண்டலம் 24 கோட்டங்களாக வகுக்கப் பெற்றிருந்தது என்பர். அவற்றுள் ஒன்று புழற்கோட்டம். அப்புழலுக்கு அணித்தாக, ஏரியும் வயலும் தோப்புமாகப் பன்னெடுங்காலம் விளங்கியது நம் அம்பத்தூர். ஐம்பத்தொரு சத்தி பீடங்களுள் இறுதியானது இவ்வூர் எனக் கொண்டு, ஊர்ப்பெயருக்கே அவ்வெண்ணைப் பொருளாகக் கூறுவாரும் உளர். 1964-ஆம் ஆண்டில் இங்கே தொழிற்பேட்டை அமைந்தது. பல மாவட்டங்களிலிருந்தும் உழைப்பாளர் வந்து குடியேறினர். 2011-இல் இவ்வூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. வயலை நம்பி வாழ்ந்தவர்க்கு மழை பொய்க்குமோ என்ற அச்சம் இருந்தது. ஆலையை நம்பி வாழ்பவர்க்கு ஆலை மூடுமோ என்ற அச்சம் இருக்கின்றது. தொழில் மாறினும் நெஞ்சின் நடுக்கம் மாறவில்லை.

இவ்வூரைச் சூழ மூன்று திருத்தலங்கள் உள்ளன. மேற்கே அடுத்திருப்பது திருமுல்லைவாயில். தென்மேற்கே காஞ்சிப் பெருவழியில் அமைந்தது பூவிருந்தவல்லி. அதற்கும் மேற்கே உள்ளது திருமழிசை. செய்த பிழையை எண்ணி எழும் அச்சத்தை முல்லைவாயில் வரலாறும், வலியாரைக் கண்டு எழும் அச்சத்தை மழிசை வரலாறும், நாளை என்னாகுமோ என்னும் அச்சத்தைப் பூவிருந்தவல்லி வரலாறும் எடுத்துக் காட்டுகின்றன. நம் அன்றாட வாழ்வை மிகுதியும் ஆள்வது மூன்றாவது அச்சமே. ஆதலின் முதலிரண்டையும் சுருங்கக் கூறி, மூன்றாவதை விரித்துரைப்போம்.

வாளேந்திய கை

திருமுல்லைவாயில் சுந்தரமூர்த்தி நாயனாரின் தேவாரம் பெற்ற திருப்பதி. இறைவன் மாசிலாமணியீசர், இறைவி கொடியிடை நாயகி. தலவரலாறு யாவரும் அறிந்ததே. காஞ்சியை ஆண்ட தொண்டைமான், புழற்கோட்டையிலிருந்து குறும்பு செய்த குறும்பரை அடக்கப் படையொடு புறப்பட்டான். வழியில் அவனது யானையின் கால்களை முல்லைக்கொடி சுற்றிக்கொண்டது. மன்னன் வாளை உருவிக் கொடியை வெட்டினான். வெட்டிய இடத்திற் குருதி பெருகிற்று. இறங்கி விலக்கிப் பார்த்தபோது, கொடியின் அடியிற் சிவலிங்கம் இருந்தது. வாள் பட்டது அதன் திருமுடியில்.

மன்னன் நடுங்கினான். எத்துணைப் பெரும்பிழை செய்துவிட்டோம் என்று கலங்கி, அதே வாளைத் தன் கழுத்தை நோக்கி உயர்த்தினான். அந்நிலையில் இறைவன் விடைமேற் காட்சி தந்து தடுத்தருளினார். வெட்டுண்டபோதும் தமக்கு மாசில்லை என்பதை உணர்த்தினார். மன்னனுக்குத் துணையாக நந்திதேவரையும் அனுப்பினார். மன்னன் மீண்டும் போர்க்களம் சென்று வென்றான். அதனாலன்றோ இன்றும் அத்தலத்து நந்தி, இறைவனை நோக்காது வெளிமுகமாக, புறப்படும் நிலையிற் காட்சி தருகின்றார்! வென்ற மன்னன் கொணர்ந்த வெள்ளெருக்குத் தூண்கள் இரண்டு சந்நிதியின் முன் நிற்கின்றன. வாட்பட்ட புண் ஆறும்பொருட்டு இறைவன் திருமேனியிற் சந்தனக்காப்புச் சாத்தப்படுகின்றது.

இவ்வரலாற்றில் அரசன் இருமுறை வாளெடுக்கின்றான். முதன்முறை எடுக்கச் செய்தது அவசரம். இரண்டாம் முறை எடுக்கச் செய்தது அச்சம். முதலாவதைக் காட்டிலும் இரண்டாவதே கொடிது. முதல் வாள் கொடியை நோக்கிற்று, இரண்டாம் வாள் உயிரை நோக்கிற்று. இறைவன் முதலிற் செய்தது அவன் கையைப் பற்றியதே. பின்னர்த் துணை தந்து, விட்ட கடமைக்கே அவனைத் திருப்பி அனுப்பினார். பிழை செய்தோம் என்ற அச்சத்தில் நாம் எடுக்கும் முடிவுகள் பெரும்பாலும் நம்மையே வெட்டுவன. அந்நேரத்திற் கையைத் தாழ்த்துவதே முதல் அறிவு.

அரசனுக்கு அஞ்சாத அடியார்

திருமழிசை, திருமழிசையாழ்வார் அவதரித்த தலம். ஆழ்வாரின் மாணாக்கர் கணிகண்ணர் காஞ்சியில் வாழ்ந்திருந்தார். காஞ்சி மன்னன் தன்னைப் பாடுமாறு அவரை வேண்டினான். மாந்தரைப் பாடேன் என அவர் மறுத்தார். சினந்த மன்னன் ஊரைவிட்டுப் போமாறு ஆணையிட்டான். கணிகண்ணர் தம் ஆசிரியரிடம் விடைபெற வந்தார். மாணாக்கர் இல்லாத ஊரில் தாமும் இருப்பதில்லை என ஆழ்வார் எழுந்தார். தாம் போகும்போது பெருமாள் மட்டும் அங்குத் துயில்வது எவ்வாறு என எண்ணி, அவரையும் உடன்வர வேண்டினார். பெருமாளும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்சென்றார் என்பது வரலாறு. அவர்கள் ஓரிரவு தங்கிய இடம் ஓரிருக்கை என்னும் பெயரோடு காஞ்சிக்கருகில் இன்றும் உள்ளது. மன்னன் தன் பிழையுணர்ந்து வேண்ட, மூவரும் மீண்டனர். அடியார் சொன்னவாறு செய்தமையாற் பெருமாளுக்குச் சொன்னவண்ணம் செய்தவர் என்றே திருப்பெயர் வழங்கலாயிற்று.

கணிகண்ணர் தம் முடிவைச் செய்தபோது, ஆழ்வார் உடன் வருவார் என்பதையும் பெருமாள் பின்தொடர்வார் என்பதையும் அறிந்திலர். அவர் அறிந்தது ஒன்றே: இது தகாது. துணை வந்தது முடிவு செய்த பின்னர். துணை வருமென்று உறுதியான பிறகே நன்மை செய்வேன் என்று காத்திருப்பது அச்சத்தின் வழக்கம்.

பூவிருந்தவல்லியின் பூத்தொண்டர்

இனி, பூவிருந்தவல்லிக்கு வருவோம். அவ்வூரில் வணிகர் குலத்திற் பிறந்தவர் திருக்கச்சி நம்பிகள். மரபின்படி அவர் தோன்றிய ஆண்டு 1009. மாசித் திங்கள் மிருகசீரிட நாள். கசேந்திரதாசர் என்பது அவருடைய மற்றொரு பெயர். ஆளவந்தாரின் திருவடி பணிந்தவர். பூவிருந்தவல்லியில் நந்தவனம் வைத்துப் பூப்பறித்துத் தொடுத்துக் காஞ்சி வரதராசப் பெருமாளுக்குச் சாத்துவதும், பெருமாளுக்கு ஆலவட்டம் வீசுவதும் அவர் மேற்கொண்ட தொண்டு. வடமொழியில் தேவராசாட்டகம் என்னும் எட்டுப் பாடல்களையும் இயற்றியவர். அவர் ஆலவட்டம் வீச, அத்திகிரி அருளாளப் பெருமாள் அவரோடு வாய்திறந்து பேசுவார் என்பது குருபரம்பரை கூறும் செய்தி. முதுமையில் நம்பிகள் காஞ்சிக்கு நடக்க இயலாதபோது, பெருமாளே பூவிருந்தவல்லிக்கு எழுந்தருளினார் என்பது அத்தல மரபு. இன்றும் அத்திருக்கோயிலில் வரதராசரோடு அரங்கநாதரும் திருவேங்கடமுடையானும் எழுந்தருளியுள்ளனர்; நம்பிகளுக்கும் சந்நிதி உண்டு.

அக்காலம் சோழப் பேரரசு ஓங்கியிருந்த காலம். கங்கைகொண்ட சோழனாகிய முதலாம் இராசேந்திரன் 1014 முதல் 1044 வரை ஆண்டனன். அவன் ஆட்சியில், 1017-ஆம் ஆண்டு, திருப்பெரும்பூதூரில் இராமானுசர் தோன்றினார். அவ்வூரும் பூவிருந்தவல்லியிலிருந்து காஞ்சிக்குச் செல்லும் அதே வழியில் உள்ளது. இவ்விருவரின் வரலாறும் பின்பழகிய பெருமாள் சீயர் அருளிய ஆறாயிரப்படி குருபரம்பராப் பிரபாவம் முதலிய நூல்களால் நமக்குக் கிடைக்கின்றது. அந்நூல்கள் இவர்கள் காலத்திற்கு நெடுநாள் பின்னர் எழுதப் பெற்றவை. ஆதலின் நாட்கணக்கை ஆராய்வார் வேறு வகையான சான்றுகளையும் நாடுவர். எனினும் அச்செய்திகளில் ஒளிரும் வாழ்வியல் உண்மையை மறுப்பார் இலர்.

நாளைக்கு ஒரு குடம் நீர்

இராமானுசர் காஞ்சியில் யாதவப்பிரகாசர் என்பாரிடம் வேதாந்தம் பயின்றார். பொருள் காண்பதில் ஆசிரியருக்கும் மாணாக்கருக்கும் மாறுபாடு முற்றிற்று. காசி யாத்திரை என்னும் பெயரால் இராமானுசரை அழைத்துச் சென்று வழியில் உயிர்க்கு ஊறு செய்ய எண்ணினர். உடன்சென்ற சிற்றன்னை மகன் கோவிந்தர் விந்தியமலைச் சாரலில் அதனை மறைவாகத் தெரிவித்தார். நள்ளிரவில் இராமானுசர் தனித்துப் பிரிந்து காட்டினுட் புகுந்தார். திசையறியாது தவித்தவர்க்கு வேடர் இருவர், கணவனும் மனைவியுமாக, வழித்துணை ஆயினர். விடியலில் அவ்வேடுவச்சி நீர் வேட்க, அருகிலிருந்த கிணற்றில் நீர் முகந்து கொடுத்தார். மும்முறை கொடுத்து மீண்டும் முகந்து வரும்போது இருவரையும் காணவில்லை. நிமிர்ந்து நோக்கினாற் காஞ்சிப் பெருமாளின் விமானம் தெரிகின்றது!

உயிர் தப்பி வந்த இளைஞரின் நெஞ்சம் எந்நிலையில் இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்மின். கொல்ல நினைத்தவர் நாளை திரும்பி வருவர். எங்குச் செல்வது? யாரை நம்புவது? கல்வியை விடுவதா, ஊரை விடுவதா? நாமாயின் இவ்வினாக்கள் அனைத்திற்கும் அன்றிரவே விடை காண முயன்று உறக்கத்தை இழந்திருப்போம். இராமானுசர் திருக்கச்சி நம்பிகளை அடுத்துத் தாம் செய்யத்தக்கது யாதென வினவினார். நம்பிகள் அரண் தேடச் சொல்லவில்லை. பகைவரை வெல்லும் சூழ்ச்சி சொல்லவில்லை. அந்தச் சாலைக் கிணற்றிலிருந்து நாடோறும் ஒரு குடம் நீர் கொணர்ந்து பெருமாளுக்குச் சமர்ப்பிக்குமாறு கூறினார்.

என்னே இவ்வறிவுரையின் எளிமை! எதிர்காலம் முழுவதையும் ஒரே நாளிற் காண விரும்புவது அச்சம். இன்றைக்குரிய ஒரு குடம் நீரைக் காட்டுவது அருளறிவு. நாள்தோறும் அக்குடத்தைத் தோளிற் சுமந்து நடந்தவரின் நெஞ்சில் அச்சம் மெல்ல மெல்லத் தன் இடத்தை இழந்திருக்கும். பெரிய வினாக்களைக் கேட்கும் தகுதி அத்தொண்டினாலேயே அவர்க்கு வளர்ந்தது.

அடுக்களையிற் புகுந்த அச்சம்

அச்சம் உயிர்க்கு வரும் ஊற்றை மட்டும் பற்றியதன்று. அது வீட்டின் அடுக்களைக்குள்ளும் வந்து அமரும். நம்பிகளையே ஆசிரியராகக் கொள்ள இராமானுசர் விரும்பினார். அக்கால வழக்கத்தைக் கருதி நம்பிகள் அதற்கு இசையவில்லை. அவர் உண்ட இலையில் எஞ்சியதை உண்டேனும் உய்வேன் என்று எண்ணிய இராமானுசர் ஒருநாள் அவரைத் தம் இல்லத்திற்கு விருந்தழைத்தார். துணைவியார் தஞ்சமாம்பாள் உணவு சமைத்தார். நம்பிகளை எதிர்கொண்டழைக்க இராமானுசர் ஒரு தெருவழியே செல்ல, நம்பிகள் வேறு தெருவழியே வந்துவிட்டார். கோயிற்றொண்டிற்கு நேரமாகின்றது என்று கூறி, விரைந்து உணவு பெற்று உண்டு சென்றார். அவர் போனபின் அவ்வம்மையார் இலையை எறிந்து, இடத்தை மெழுகி, நீராடி, மீண்டும் வேறு சமையல் தொடங்கினார். திரும்பி வந்த இராமானுசர் நிகழ்ந்ததை அறிந்து பெரிதும் வருந்தினார்.

அவ்வம்மையாரைக் குறை கூறுவது நம் கருத்தன்று. தீட்டு வந்துவிடுமோ, ஊரார் என்ன சொல்வரோ, முன்னோர் வழக்கம் கெடுமோ என்னும் அச்சங்களைக் குழந்தைப் பருவமுதல் ஊட்டி வளர்த்த உலகத்தில் அவர் வாழ்ந்தார். அச்சமே அன்று அவ்வீட்டில் முடிவு செய்தது. பெருமாளோடு பேசும் பெரியார் தம் கூடத்தில் அமர்ந்து உண்டு சென்றதை அச்சம் அவர் கண்ணுக்கு மறைத்துவிட்டது. இன்றும் எத்தனை இல்லங்களில் யாரை வீட்டிற்குள் அழைப்பது, யாரோடு உண்பது, யாருக்குப் பெண் கொடுப்பது என்பனவற்றை இதே அச்சம் தீர்மானிக்கின்றது என்பதை நெஞ்சில் கை வைத்து எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு முடிவு அடியார் ஒருவரைத் தாழ்த்துமாயின், அது ஆண்டவன் தந்த அறிவாக இருத்தல் இயலாது.

அருளாளர் அருளிய ஆறு வார்த்தை

இதற்கிடையில் ஆளவந்தார் திருவரங்கத்தில் திருநாடு எய்தினார். அவரைக் காணும் ஆர்வத்தோடு பெரிய நம்பிகளுடன் சென்ற இராமானுசர் கண்டது அவரது திருமேனியையே. மனம் நொந்து காஞ்சி திரும்பினார். யாரை ஆசிரியராகக் கொள்வது, எக்கொள்கையைப் பற்றி நிற்பது, இறுதியில் நமக்கு என்னாகும் என்ற ஐயங்கள் அவர் உள்ளத்தை அலைத்தன. மீண்டும் நம்பிகளையே நாடினார். தம் நெஞ்சிற் சில எண்ணங்கள் உள்ளன, அவற்றைப் பெருமாளிடம் விண்ணப்பித்து விடை பெற்றுத் தர வேண்டும் என்று மட்டுமே கேட்டார். எண்ணங்கள் இவை என்று விரித்துரைத்திலர் என்பர் பெரியோர்.

இவ்விடம் மிகவும் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. நாம் பெரியோரிடம் யோசனை கேட்கச் செல்லும்போது பெரும்பாலும் விடையை மடியிற் கட்டிக்கொண்டே செல்கின்றோம். விரும்பும் விடையே வரும்படி வினாவைத் திருத்திக் கேட்கின்றோம். நாம் நாடுவது யோசனையன்று, ஒப்புதல். இராமானுசரோ வினாவையே பெருமாளிடம் விட்டுவிட்டார்.

அன்றிரவு ஆலவட்டம் வீசும்போது நம்பிகள் விண்ணப்பிக்க, அருளாளர் ஆறு விடைகளை அருளினார். அவற்றின் பொருள் வருமாறு: தாமே மேலான பரம்பொருள்; உயிரும் இறையும் வேறென்பதே கொள்கை; அடைக்கலம் புகுவதே உய்யும் வழி; அடைக்கலம் புக்கவர்க்கு இறுதிக் காலத்தில் இறைநினைவு தப்பினும் குற்றமில்லை; இவ்வுடல் நீங்கும்போதே வீடுபேறு உண்டு; பெரிய நம்பிகளை ஆசிரியராகப் பற்றுக. இவற்றை நம்பிகள் வந்து சொல்ல, தம் உள்ளத்திருந்த ஐயம் ஒவ்வொன்றிற்கும் நேர் விடையாக அமைந்தமை கண்டு இராமானுசர் உவகைக் கடலில் ஆழ்ந்தார்.

இவ்வாறனுள் நான்காவது விடை நம் கட்டுரைப் பொருளுக்கு உயிர்நிலையாகும். மாந்தர் அச்சங்களுக்கெல்லாம் வேர் மரண அச்சம். அதனினும் நுண்ணியது, இறக்கும் தறுவாயில் இறைவனை மறந்துவிட்டால் என் செய்வது என்ற அச்சம். நோயால் அறிவு மயங்கிக் கிடக்கும் முதியவர்க்கும், அவர் அருகிலிருந்து கலங்கும் மக்களுக்கும் இவ்வச்சம் எத்துணைத் துன்பம் தருவது! தம்மை அடைந்தவர் தம்மை மறந்தாலும் தாம் அவரை மறவோம் என்பதே அருளாளர் விடையின் கருத்து. அடிவேர் அறுந்தபின் கிளைகள் எவ்வாறு தழைக்கும்?

ஆறாவது விடையும் நோக்கத்தக்கது. இராமானுசர் விரும்பியது நம்பிகளை. பெருமாள் காட்டியது பெரிய நம்பிகளை. தமக்கு இல்லாத உறவைத் தம் வாயாலேயே மற்றொருவருக்கு வழங்கிய நம்பிகளின் பெருந்தன்மையை என்னென்பது! கேட்டதைக் கூட்டாமலும் குறைக்காமலும் அப்படியே கொணர்ந்தார். தமக்கென ஒரு பயனும் கருதாதவரிடமே இறைவன் சொல்லை ஒப்படைக்கின்றான். குலத்தை எண்ணி அவ்வில்லத்தார் ஒதுக்கிய பெரியாரின் வாய்மொழியாகவே வைணவப் பெருநெறியின் ஆறு தூண்களும் உலகிற்கு வந்தன என்பதை நாம் ஒருபோதும் மறத்தலாகாது.

சொல் செயலாயிற்று

விடை கிடைத்ததும் இராமானுசர் திருவரங்கம் நோக்கிப் புறப்பட்டார். அவரை அழைத்துச் செல்லும்பொருட்டுப் பெரிய நம்பிகளும் அங்கிருந்து புறப்பட்டு வந்தார். இருவரும் மதுராந்தகத்தில், ஏரிகாத்த இராமர் கோயிலிற் சந்தித்தனர். காஞ்சிக்குச் சென்று நன்னாளிற் செய்வோம் என்று பெரிய நம்பிகள் கருத, உடல் நிலையாமையை எடுத்துக் கூறி அங்கேயே அருள வேண்டினார் இராமானுசர். மகிழமரத்தடியில் அவர்க்கு ஐந்து சமயச் சடங்குகளும் நிகழ்ந்தன. தெளிவு பிறக்குமுன் பொறுமையோடு காத்திருந்தவர், தெளிவு பிறந்தபின் ஒரு நாளும் தாழ்த்திலர். அச்சமோ இதற்கு மாறானது. தெளிவில்லாதபோது விரையச் செய்யும். தெளிந்தபோது தயங்கச் செய்யும்.

அவ்வாறு விடைகளும் அவர் வாழ்விற் கனிந்த இடம் திருக்கோட்டியூர். பதினெட்டு முறை நடந்து சென்று திருக்கோட்டியூர் நம்பியிடம் திருமந்திரப் பொருளைப் பெற்றார். தகுதியறியாது பிறர்க்குச் சொல்வோர் நரகம் புகுவர் என்பது ஆசிரியரின் எச்சரிக்கை. இராமானுசரோ அப்பொருளை அத்திருக்கோயிலிற் பலரும் கேட்கக் கூறினார். ஆசிரியர் வெகுண்டு வினவ, பலர் உய்வதாயின் தாம் ஒருவர் நரகம் புகுவதிற் குறையில்லை என்று விடையிறுத்தார். சினம் தணிந்த ஆசிரியர், எம்பெருமானார் என்று அழைத்துத் தழுவிக்கொண்டார். விந்தியக் காட்டில் உயிருக்கு ஓடிய இளைஞர் நரகத்திற்கும் அஞ்சாத அருளாளர் ஆயினார். இடையில் நிகழ்ந்தவை நாள்தோறும் சுமந்த ஒரு குடம் நீரும், கேட்டுப் பெற்ற ஆறு வார்த்தைகளுமே. அப்பெரியார் தோன்றிய ஆயிரமாவது ஆண்டினை 2017-இல் உலகெங்குமுள்ள அடியார்கள் கொண்டாடி மகிழ்ந்தனர்.

பூக்கட்டிப் பார்க்கும் நம் வழக்கம்

நிற்க. பெருமாள் நம்மோடு பேசுவாரா, நமக்கு நம்பிகளைப் போன்றவர் எங்கே என்று அன்பர்கள் வினவலாம். நம்மவரிடையே சந்நிதியிற் பூக்கட்டிப் பார்க்கும் வழக்கம் உண்டு. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே பொட்டலமாக மடித்துத் திருமுன் வைத்து, ஒரு குழந்தையை ஒன்றை எடுக்கச் சொல்லி, வந்த பூவைக் கொண்டு முடிவு செய்வர். ஆண்டவன் திருவுளத்திற்குக் கட்டுப்படுவோம் என்ற பணிவோடு செய்யின் இவ்வழக்கத்தை இகழ வேண்டுவதில்லை. ஆனால் வெள்ளைப் பூவை வேண்டி நின்றவர்க்குச் சிவப்புப் பூ வந்ததும், மற்றொரு கிழமையில் வந்து மீண்டும் பார்ப்பதும், அதுவும் ஒவ்வாதபோது வேறு கோயிலுக்குச் செல்வதும் நாம் கண்ட காட்சிகள் அல்லவா? அங்கே கட்டப்பட்டிருப்பது பூவன்று, அச்சம். சோதிடம் கேட்பதிலும் குறி கேட்பதிலும் இதே நிலையைக் காணலாம்.

திருக்கச்சி நம்பிகளைப் பற்றி வழங்கும் மற்றொரு செய்தி இங்கு நினைக்கத்தக்கது. தமக்கு வீடுபேறு உண்டோ என அவர் பெருமாளை வினவினாராம். அவர் ஆலவட்டம் வீசியதற்கு ஈடாகத் தாம் அவரோடு பேசியாயிற்று, வீடு வேண்டின் ஆசிரியரை அடைக என்ற கருத்துப்பட அருளாளர் விடையளித்தாராம். நம்பிகள் திருக்கோட்டியூர் நம்பியை அடைந்து, தம்மை யாரென வெளிப்படுத்தாமல் ஆநிரை மேய்த்துத் தொண்டு செய்தார் என்பர். இறைவனோடு பேசியவரே ஒரு பெரியாரை நாடிப் பணிந்தார் எனின், நம் நெஞ்சில் எழும் குரலையெல்லாம் இறைவன் குரலென்று நாமே முடிவு செய்துகொள்வது எத்துணை இடர் உடையது! ஆசையும் அச்சமும் ஆண்டவன் குரலில் பேச வல்லவை.

ஆதலின் நம் அளவிற்கு நாம் செய்யக்கூடியவை சில உண்டு. கலக்கம் மிக்க நேரத்தில் வாளை உயர்த்தாமல் கையைத் தாழ்த்துவோம்; அந்நாளிலேயே வேலையை உதறுவதும், உறவை முறிப்பதும், வீட்டை விற்பதும் வேண்டா. இன்றைக்குரிய ஒரு குடம் நீர் எதுவென்று கண்டு அதனைச் சுமப்போம். வரவேண்டிய ஊதியம் வராவிடினும் வாடும் அண்டை வீட்டாருக்கு ஒரு வேளை உணவும், நோயுற்ற பெற்றோருக்கு ஒரு நாழிகைத் துணையும் நம்மால் இயலும். நம் முடிவினால் ஊதியம் பெறாத பெரியோர் ஒருவரிடம் உள்ளதை உள்ளவாறு கூறுவோம். அவர் கூறும் விடை நம் விருப்பத்திற்கு மாறாயினும் அறத்திற்கு மாறாகாதாயின் ஏற்போம். தெளிவு பிறந்தபின் மதுராந்தகத்திலேயே செய்வோம். காஞ்சி வரை காத்திருக்க வேண்டா.

இவ்வாறு நடப்பவர்க்குத் துன்பமே வாராது என்று கூறுவது பொய்யாகும். கணிகண்ணர் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. இராமானுசர் ஆளவந்தாரை உயிரோடு காணும் பேற்றை இழந்தார். அருளறிவு துன்பத்தை வழியிலிருந்து அகற்றும் என்பதினும், துன்பத்தின் நடுவே வழியைக் காட்டும் என்பதே பொருந்தும்.

திருப்பணிக்குப் பொருளும் உழைப்பும் நல்கிய அன்பர்கள் பலர் இம்மலரைக் கையிலேந்தியிருப்பர். நாளைக்கு வேண்டுமே என்னும் அச்சம் ஒருபுறம் இழுக்க, இன்று கொடு என்னும் நல்லறிவு மறுபுறம் அழைக்க, பின்னதற்குச் செவிசாய்த்தவர் அவர். ஆலைக்குச் செல்லும் உழைப்பாளி தம் ஊதியத்திலிருந்து பிரித்துத் தந்த சிறு தொகையும் இக்கோபுரத்தில் ஒரு செங்கல்லாக நிற்கின்றது. அம்முடிவைச் செய்த அதே நெஞ்சே நாளை இல்லத்திலும் தொழிலிலும் முடிவு செய்க.

குடமுழுக்கின் பின்னர் வரும் மண்டல நாட்களில் இயன்ற அன்பர்கள் ஒருநாள் முல்லைவாயில் சென்று, புறப்படும் நிலையிலுள்ள நந்திதேவரைக் கண்டு தொழுக. மற்றொரு நாள் பூவிருந்தவல்லி சென்று, ஒரு முழம் பூவோடு திருக்கச்சி நம்பிகள் திருமுன்பு நிற்க. நமக்குள்ள வினாவை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கேட்டுத் தந்தருள்க என்று மட்டும் வேண்டுவோம். பின்னர் வீடு திரும்பி, அன்றைய குடத்தைத் தோளில் ஏற்றுவோம்.

அம்பத்தூர் வாழ்க! அடியார் திருக்கூட்டம் வாழ்க! அச்சம் அகன்று அருளறிவு எங்கும் ஓங்குக!